அம்பிகாபதி கதையின் முடிவை மாற்றினால், எந்த இடத்தில் மாற்றுவீர்கள்?

காவிரிக்கரை எழுதியது (இழையைத் தொடங்கியவர்):

2013இல் வந்த 'ராஞ்சனா' இந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் அதை மறுபடி திரையிட்டபோது, செயற்கை நுண்ணறிவை வைத்து, சாக வேண்டிய நாயகன் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றிவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சண்டையின் உரிமை, ஒப்பந்த விஷயங்களை இங்கே பேச வரவில்லை. எனக்கு வேறொன்று மனதில் நின்றுவிட்டது. அந்தத் தலைப்புக்கு மூலமான அம்பிகாபதி கதை யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் முடிவை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பையனை வெட்டக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஏன்?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் குலோத்துங்கனின் மகள் அமராவதிக்கும் காதல். அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தர் மன்னனிடம் போட்டுக்கொடுக்கிறார். மன்னன் ஒரு நிபந்தனை வைக்கிறான்: சிற்றின்பச் சாயலே இல்லாமல் ஒரே அமர்வில் நூறு பாட்டுப் பாடினால் மகளைத் தருகிறேன், தவறினால் தலை போகும். அம்பிகாபதி பாடுகிறான். மறைவில் இருந்து அமராவதி பாட்டுக்கு ஒரு பூவாகத் தட்டில் எடுத்து வைக்கிறாள். நூறாவது பூவை வைத்ததும் சந்தோஷம் தாங்காமல் வெளியே வந்துவிடுகிறாள். ஆனால் அவன் முதலில் பாடிய காப்புச் செய்யுளையும், அதாவது கடவுள் வாழ்த்தையும், அவள் சேர்த்து எண்ணியிருக்கிறாள். முடிந்தது 99தான். அவள் முகத்தைப் பார்த்தவன் 'சற்றே பருத்த தனமே குலுங்க' என்று தொடங்கிவிடுகிறான். தலை போகிறது. அவளும் உயிரை விடுகிறாள்.

முடிவை மாற்றச் சொன்னால் எல்லோரும் கை வைப்பது அந்த எண்ணிக்கையில்தான். என் வாதம், அங்கே கை வைக்கக் கூடாது. 99 என்பது நூறு ஆகிவிட்டால் மன்னன் நல்லவனாகிவிடுகிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்றி மகளைக் கட்டிக்கொடுத்த பெருந்தன்மைக்காரன். 'காதலிப்பவன் காதலைப் பாடக் கூடாது, பாடினால் சாவு' என்று நிபந்தனை வைத்தவனின் கொடுமை கல்யாணச் சாப்பாட்டில் மறந்துபோகும். மாற்ற வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதை. நீங்கள் எங்கே மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். நான் யோசித்து வைத்திருப்பதைப் பிறகு போடுகிறேன்.

மழைவாசகி எழுதியது:

நான் ஏற்கனவே மாற்றிவிட்டேன். என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அவங்க பூவை ஏன் திரும்ப ஒரு தடவை எண்ணிப் பார்க்கலை?" என்பதுதான். எனக்குப் பதில் இல்லை. உடனே ஒரு தோழியைக் கொண்டுவந்தேன். அமராவதி எழுந்திருக்கப் போகும்போது தோழி கையைப் பிடித்து, "காப்புக்கு வைத்த பூவை எடுத்துவிடு, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்கிறாள். நூறாவது பாட்டும் முடிகிறது. கல்யாணம். குழந்தை நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

காவிரிக்கரை அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் செய்தித்தாளைப் பிரித்தால், சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்றவர்களே வெட்டிய பிள்ளைகளின் படம். கதையிலும் அதையேதான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மகளைக் காதலித்தவனைத் தகப்பன் கொல்வது ஏதோ இயற்கை நியதி போல இந்தக் கதை நமக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவையாவது அவர்கள் உயிரோடு ஊர் திரும்பட்டும். மன்னன் நல்லவனாகிறானா கெட்டவனாகிறானா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

பிரதி வாசகன் எழுதியது:

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. ரோமியோ ஜூலியட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 1660களில் லண்டனில் ஜேம்ஸ் ஹோவர்டு என்பவர் இருவரும் பிழைப்பதாக ஒரு வடிவம் எழுதினார். ஒரு நாள் சாவு, மறுநாள் கல்யாணம் என்று மாற்றி மாற்றி நடித்தார்கள். 1748இல் டேவிட் காரிக் வேறு விதமாகக் கை வைத்தார். ரோமியோ நஞ்சைக் குடித்துவிட்டான், ஆனால் உயிர் போவதற்குள் ஜூலியட் விழித்துக்கொள்கிறாள், இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆங்கில மேடையில் அதுதான் ஓடியது. புரோகோஃபீவ் 1935இல் பாலே நடனத்துக்கு இசை எழுதியபோது முதலில் காதலர்கள் பிழைப்பதாகத்தான் எழுதினார். உயிரோடு இருப்பவர்கள் ஆடலாம், சாகிறவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1940இல் லெனின்கிராடில் மேடையேறியபோது சாவு திரும்பி வந்துவிட்டது.

இதை இங்கே இழுப்பதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. 1937இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் எழுதிய இளங்கோவனிடம் ரோமியோ ஜூலியட்டில் சில இடங்களைக் குறித்துக் கொடுத்து, அதே மாதிரி காதல் காட்சிகள் வேண்டும் என்று கேட்டார். ஆக சினிமாவில் இந்த இரண்டு கதைகளும் அப்போதே கலந்தவை.

இரண்டிலும் ஒரு சின்ன விஷயம்தான் காதலர்களைக் கொல்கிறது. இங்கே ஒரு பூ. அங்கே, ஜூலியட் மருந்தால் செத்ததுபோல் கிடப்பதை ரோமியோவுக்குச் சொல்ல எழுதிய ஒரு கடிதம். கடிதம் கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், அது ரோமியோவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் கவனித்துப் படித்தால் கடிதத்துக்கு முன்பே ஒன்று நடந்திருக்கும். வீட்டார் பார்த்த வேறொருவனோடு கல்யாணத்துக்கு ஜூலியட் சம்மதிப்பதுபோல் நடிக்க, அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்காமல் வியாழக்கிழமை வைத்திருந்த கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிடுகிறார். கையில் இருந்த ஒரு நாள் அங்கேயே போய்விட்டது. தற்செயல் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் ஒரு தகப்பனின் அவசரம் இருக்கிறது. அதனால் காவிரிக்கரை சொல்வதோடு ஒத்துப்போகிறேன். பூவை எடுத்துவிட்டால் தகப்பன் தப்பித்துவிடுகிறார்.

கூத்துப்பித்தன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் எழுதி வைத்த கதைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் பாட்டாகவும் கூத்தாகவும் சொன்னவர்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. கொல்லப்பட்டவனைச் சாமியாக்கிவிட்டார்கள். ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் காத்தவராயனைக் கழுவில் ஏற்றினார்கள். இன்று அவனுக்குக் கோயில் இருக்கிறது. மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் அவன்தான் நிற்கிறான். உள்ளே போகிறவர்கள் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். சாவு மாறவில்லை. ஆனால் கதை சாவோடு முடியவும் இல்லை.

காத்தவராயன் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் கழுமரத்தில் ஏறும்போது நேரம் விடியலை நெருங்கியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். பெண்கள் எழுந்து நின்று கைகூப்புவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். மழைவாசகி அக்கா, அந்தக் கூட்டத்தில் யாரும் 'கொல்லப்படுவது இயற்கை நியதி' என்று கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. கொன்றவன் பெயர் மறந்து கொல்லப்பட்டவன் பெயர் நின்றதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாற்றி எழுதுவது எப்போதும் காதலர்களுக்காக நடப்பதில்லை. மதுரைவீரன் கதையில் அவன் காசி ராஜா மகனாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்தான் என்று ஒரு முன்கதை சேர்ந்துகொண்டது. அவனைக் கும்பிட வேண்டும், ஆனால் அவன் சாதியை ஏற்கக் கூடாது என்றவர்களுக்கு அது வசதி. எந்த மாற்றமானாலும் அதனால் யாருக்கு வசதி என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஒத்துக்கொள்வேன்.

வெண்பா விரும்பி எழுதியது:

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் இருந்தவர். அது 12ஆம் நூற்றாண்டு. கம்பரின் காலம் பற்றி 9ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டா என்ற வழக்கே தீரவில்லை. இந்தக் கதைகள் வாய்வழியாகவும், 19ஆம் நூற்றாண்டில் அச்சான 'விநோதரச மஞ்சரி' போன்ற நூல்கள் வழியாகவும் பரவியவை. ஆகவே 'உண்மையில் நடந்ததை மாற்றலாமா' என்ற தயக்கம் யாருக்கும் வேண்டாம்.

இப்போது பாட்டுக்கு வருவோம். இந்தக் கதையில் அம்பிகாபதி ஒரு முறை அல்ல, இரண்டு முறை மாட்டுகிறான். முதல் முறை அரண்மனை விருந்தில். அமராவதி உணவு எடுத்து வருகிறாள். அவளைப் பார்த்ததும் அவன்

இட்டடி நோக எடுத்தடி கொப்பளிக்க
வட்டில் சுமந்து மருங்கசைய

என்று பாடிவிடுகிறான். வைத்த அடி நோகிறது, எடுத்த அடி கொப்பளிக்கிறது, வட்டிலைச் சுமந்து இடை அசைகிறது. மன்னன் முகம் மாறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பர், மகன் விட்ட இடத்திலேயே பிடித்து,

கொட்டிக்
கிழங்கோ கிழங்கென்று கூறுவாள் நாவில்
வழங்கோசை வையம் பெறும்

என்று முடித்துவிடுகிறார். தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுக்கொண்டு போகும் ஒரு கிழவியைப் பற்றிய பாட்டாக அது மாறிவிடுகிறது. ஆள் அனுப்பிப் பார்த்தால் உண்மையிலேயே கூடையோடு ஒருத்தி போய்க்கொண்டிருக்கிறாள். சரசுவதியே அப்படி வந்தாள் என்பது பக்தர்கள் சேர்த்தது.

அம்பிகாபதி நிறுத்திய இடத்தைப் பாருங்கள். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் தனிச்சொல்லுக்கு, அதாவது அந்த அடியின் கடைசியில் தனித்து வரும் சீருக்கு, முன்னால் நிற்கிறான். இட்டடி, வட்டில் என்று எதுகை போட்டாயிற்று, ஒரு சீர் காலியாக இருக்கிறது. கம்பர் 'கொட்டி' என்று அங்கே நுழைகிறார். தகப்பன் உள்ளே வர அந்த வெண்பாவில் ஒரு கதவு திறந்திருந்தது. இரண்டாம் முறை அவன் பாடுவது சற்றே, துற்றே, நற்றே, பொற்றே என்று நான்கு அடியும் எதுகையால் பூட்டிய கட்டளைக் கலித்துறை. அவனே முழுதாக முடித்துவிடுகிறான். கம்பர் நுழைவதற்கு ஒரு சீர்கூட மிச்சமில்லை. அவையில் கம்பரும் இருக்கிறார், மகன் பாடுவதைக் கேட்டுக்கொண்டு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் சோகமே அங்கேதான். நான் முடிவை மாற்றினால் மூன்றாம் அடியில் அவனை நிறுத்துவேன். மீதியைக் கம்பர் என்ன பாடியிருப்பார் என்று இங்கே இருக்கும் கவிஞர்கள் எழுதிப் பார்க்கலாம்.

1957இல் சிவாஜி நடித்த படத்தில் இந்தப் பாட்டையே 'சற்றே சரிந்த குழலே' என்று மாற்றினார்கள். அதையும் ஒரு மாற்றமாகக் கணக்கில் வையுங்கள்.

மழைவாசகி எழுதியது:

வெண்பா விரும்பி ஐயா, ஒரு சந்தேகம். காப்பை எண்ணக் கூடாது என்பது படித்தவர்களுக்குத் தெரிந்ததுதானே? அபிராமி அந்தாதியில்கூட காப்பு தனி, நூறு பாட்டு தனி, நூற்பயன் தனி. கம்பர் வந்துபோகும் அரண்மனையில் வளர்ந்த பெண்ணுக்கு இதுவா தெரியாது? கதை அவளை விவரம் தெரியாதவளாகக் காட்டுகிறது என்று எனக்குக் கோபம் வருகிறது.

வெண்பா விரும்பி எழுதியது:

கோபம் நியாயம்தான் அம்மா. நான் இப்படி நினைக்கிறேன்: அவள் எண்ணத் தொடங்கியது புலவர்களின் கணக்கில் அல்ல, அவன் வாய் திறந்த நொடியில். காப்பானாலும் அவன் குரல்தானே? தட்டில் முதல் பூ விழுந்துவிட்டது. பல மணி நேரம் கழித்து அந்த முதல் பூ யார் நினைவில் இருக்கும்?

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மழைவாசகி சொன்ன கோபமே என் முடிவுக்கும் அடிப்படை. வழக்கமான கதையில் அவன் வெட்டுப்பட்டதும் அவளும் துக்கத்தில் உயிரை விடுகிறாள். அது மன்னனுக்குச் செய்யும் பெரிய உபகாரம். மகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, துக்கம் பார்த்துக்கொண்டது. என் முடிவில் அவள் பேசுகிறாள்.

காவலர்கள் அம்பிகாபதியைப் பிடிக்கிறார்கள். அமராவதி பூத்தட்டோடு அவை நடுவே வந்து நிற்கிறாள். 'அப்பா' என்று கூப்பிடவில்லை.

"அரசே, பிழை எண்ணிக்கையில். எண்ணியவள் நான். பாடியவருக்கு என்ன தண்டனை என்று நாடே அறியும். எண்ணியவளுக்கு என்ன என்று இந்த அவையில் சொல்லுங்கள்."

ஒட்டக்கூத்தர் எழுந்து, நிபந்தனை பாடியவருக்கு மட்டும்தான் என்கிறார்.

"நூறு பாட்டில் என் சாயலே விழக் கூடாது என்பதுதானே புலவரே நிபந்தனை? தொண்ணூற்றொன்பது பாட்டிலும் என்னைத் தள்ளி வைக்க அவர் பட்ட பாட்டை நான் உள்ளிருந்து கேட்டேன். தள்ளி வைத்த இடத்திலெல்லாம் நான் இருந்தேன். அது இந்த அவைக்குக் கேட்கவில்லை என்றால் பாட்டைக் கேட்க உங்களுக்குத் தெரியவில்லை."

தட்டைத் தகப்பன் காலடியில் வைத்துவிட்டு, போய் அம்பிகாபதி பக்கத்தில் நின்றுகொள்கிறாள். மன்னன் இப்போது இருவருக்கும் சேர்த்துத் தன் வாயால் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அல்லது இருவரையும் விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அப்போது கம்பர் எழுந்து, கதையில் வேறொரு மனஸ்தாபத்தில் பாடியதாகச் சொல்லப்படும் 'மன்னவனும் நீயோ வளநாடும் உன்னதோ, உன்னை அறிந்தோ தமிழை ஓதினேன்' என்ற வெண்பாவை இங்கே பாடிவிட்டு வெளியேறுகிறார். மகனுக்காக நுழைய ஒரு சீர் இல்லாதபோது, தகப்பன் தன் சொந்தப் பாட்டைத் தொடங்கட்டும்.

மன்னன் என்ன சொல்கிறான்? இருவருக்கும் மரணம் என்கிறான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் குரல் அவைக்குக் கேட்க வேண்டும்.

மழைவாசகி எழுதியது:

அவள் பேசிய அத்தனையும் என் மகளுக்குப் படித்துக் காட்டுவேன். கடைசி இரண்டு வரியைப் படிக்க மாட்டேன். இவ்வளவு பேசியும் அவள் சாக வேண்டுமென்றால், பேசி என்ன பயன் என்றுதானே அவள் கேட்பாள்? 'அல்லது இருவரையும் விட வேண்டும்' என்று நீங்களே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஏன் போகக் கூடாது? மன்னன் பெருந்தன்மையால் விடவில்லை, பதில் சொல்ல முடியாமல் விடுகிறான். அப்படி விட்டால் அவன் நல்லவனாக மாட்டான், தோற்றவனாகத்தான் போவான்.

காவிரிக்கரை எழுதியது:

இது நான் யோசிக்காத வழி. தோற்று விடுவது என்றால் என் முதல் ஆட்சேபம் நிற்காது. ஆனால் மகள் முன்னால், அவை முன்னால் தோற்ற மன்னர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அக்கா. பெரும்பாலும் இரவில் ஆள் அனுப்புவார்கள். இன்றைய செய்திகளிலும் 'சரி, வீட்டுக்கு வா, ஊரறியக் கல்யாணம் செய்து வைக்கிறோம்' என்று கூப்பிட்டுத்தானே முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் தீர்ப்பைப் பகலில், எல்லோர் முன்னாலும் வாங்க நினைத்தேன்.

பிரதி வாசகன் எழுதியது:

அமராவதி பகுதியில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். கம்பர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. மகன் தலைக்கு மேல் வாள் நிற்கும்போது எந்தத் தகப்பனும் மன்னனைப் பார்த்து வெண்பா பாடிவிட்டு வெளியேற மாட்டான், காலில் விழுவான். கைதட்டல் வாங்கும் காட்சி அது, கம்பருக்குப் பொருந்தாது. மகன் போன பிறகு அவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் உண்டு. தம்பியும் மனைவியும் துணைக்கு வரக் காட்டுக்குத்தான் போனான் இராமன், அதற்கே தாங்காமல் தசரதன் உயிரை விட்டான், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், என் நெஞ்சின் உரத்துக்கு இனி யாரை உவமை சொல்வது என்று கேட்பார். தசரதன் சாவைப் பாடியவர் அவரே. எழுதும்போது பாத்திரமாக இருந்தவன் இப்போது அவருக்கு அளவுகோலாகி நிற்கிறான். அந்தப் பாட்டுக்கு முன்னால் வேறு எதுவும் நிற்காது. அதற்குப் பிறகு அவர் சோழநாட்டை விட்டுக் கிளம்பி, கடைசியில் பாண்டிநாட்டு நாட்டரசன்கோட்டையில் அடங்கினார் என்பது மரபு. அவர் சமாதி மண்ணைக் குழந்தைகள் நாவில் வைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. கம்பரின் முடிவை மாற்றத் தேவையே இல்லை.

கல்லூரி மேடை எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். எங்கள் தமிழ்மன்றத்தில் ஆண்டுவிழாவுக்கு இதை நாடகமாகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். காவிரிக்கரை ஐயா அனுமதித்தால் அமராவதி வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். முடிவில் மன்னன் வாய் திறப்பதா கூடாதா என்பதை ஒத்திகையில் இரண்டு விதமாகவும் செய்துபார்த்து முடிவெடுப்போம். ஒரு சிக்கல்: நூறு பாட்டை மேடையில் எப்படிக் காட்டுவது? நேரம் போவதும் தெரிய வேண்டும், எண்ணிக்கை தவறுவதும் பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டியதில்லை.

கூத்துப்பித்தன் எழுதியது:

கூத்தில் செய்வதைச் செய்யுங்கள் தம்பி. பத்துப் பாட்டைப் பாடினால் போதும். மீதிக்கு மத்தளக்காரர் ஒரு தீர்மானம் (முடிப்புத் தாளக்கட்டு) வாசிக்கட்டும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தோழி கைநிறையப் பூவைத் தட்டில் கொட்டட்டும். அமராவதியை ஒரு ஓரமாக, பார்வையாளர்களுக்குத் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். தொடக்கத்திலேயே கூத்தை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் வந்து, "நீங்களும் எண்ணிக்கொண்டே வாருங்கள்" என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். பின்வரிசைப் பிள்ளைகள் நிச்சயமாகச் சத்தமாக எண்ணுவார்கள். எண்ணட்டும், தடுக்காதீர்கள்.

முக்கியமானது இதுதான். காப்பைக் காப்பு என்று சொல்லிப் பாடாதீர்கள். இடைவெளி விடாமல், மற்ற பாட்டுகளைப் போலவே அதே மெட்டில் தொடங்கிவிடச் சொல்லுங்கள். ஒட்டக்கூத்தர் எழுந்து "தொண்ணூற்றொன்பது" என்று சொல்லும்போது சபையில் பாதிப் பேர் நூறு என்றிருப்பார்கள். அவள் பேச எழுந்திருப்பது அந்தச் சலசலப்புக்கு நடுவே இருக்கட்டும்.